இன்னும் இல்லீங்க

"குழந்தைங்க?"

ஆப்பத்தைத் தட்டில் வைத்தபடி ஜெயசீலி கேட்டாள்.

"இன்னும் இல்லீங்க" என்றாள் அவள்.

எதிரில் உட்கார்ந்திருந்த தயாளன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு காபியைக் குடித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான்.

பெரியவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு மூன்று. இரண்டு பேரும் சேலத்தில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் கணவனும் மனைவியும் மட்டும் கிளம்பி வந்தது இதுதான் முதல் தடவை. ஏற்காட்டில் இரண்டு நாள். காபித் தோட்டத்துக்குள் இருந்த இந்த வீட்டை ஜெயசீலியும் அவள் கணவரும் நடத்தினார்கள். வாடகைக்கு மூன்று அறைகள். பின்னால் ஆட்டுக்கொட்டகை.

நேற்று மலையேறும்போது காது அடைத்துக்கொண்டது. பின்சீட்டு காலியாக இருந்தது. தண்ணீர் என்றோ, மூச்சா என்றோ யாரும் கூப்பிடவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம் போலிருந்தது.

அதனால்தான் சொன்னாள். வேறு காரணம் இல்லை.

சாப்பிட்டதும் தயாளன் மறுபடி தூங்கப் போனான். அவள் வீட்டைச் சுற்றி நடந்தாள். கொட்டகைக்குள்ளிருந்து ஜெயசீலியின் குரல் வந்தது.

"கண்ணு, அந்தக் கோணிய எடுத்துட்டு ஓடியா. வீட்டுக்காரரு டவுனுக்குப் போயிட்டாரு."

உள்ளே ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. முதல் குட்டி ஏற்கெனவே நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. இரண்டாவது அப்போதுதான் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

அசையவில்லை.

ஜெயசீலி அதன் வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தாள். மூக்குக்குள் வைக்கோலை நுழைத்துத் திருகினாள்.

"தேயி. பயப்படாத. அழுத்தித் தேயி."

அவள் மண்டியிட்டுத் தேய்த்தாள். கோணிக்கு அடியில் சின்ன விலா எலும்புகள் நெளிந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

குட்டி தும்மியது.

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஜெயசீலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் மூணு தங்குச்சு, கண்ணு. மூணும் நிக்கல."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"மூணாவது அஞ்சு மாசம். பேருகூட வச்சிட்டேன். எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொன்னதில்ல. உனக்குத்தான் அது புரியும்."

ஜெயசீலி அந்தப் பெயரைச் சொன்னாள்.

இப்போது சொல்லிவிடலாம். அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள்.

"நல்ல பேருக்கா" என்றாள்.

ஜெயசீலி குனிந்து தன் உள்ளங்கையை அவள் அடிவயிற்றில் வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

துணிக்கு அடியில், இரண்டு முறை திறந்து இரண்டு முறை தைத்த தழும்பு இருந்தது. அது அந்தக் கைக்குத் தெரிந்துவிடும் என்று அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு நிக்கும், பாரு."

திண்டின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அக்காவின் எண்.

"இருக்கட்டும்க்கா. அப்புறம் பேசிக்கறேன்."

நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"ஏதாச்சும் அவசரமா இருக்கும், கண்ணு. உன் கை பூரா சளி. இரு, நான் எடுத்துத் தர்றேன்."

ஜெயசீலி பச்சைப் புள்ளியைத் தள்ளி, போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா!"

பெரியவள் ஆதிரையின் முகம் திரை முழுக்க இருந்தது.

"அம்மா, தம்பி கோழிக்குஞ்ச பக்கெட்டு தண்ணில போட்டுட்டாம்மா! பெரியம்மா எடுத்துட்டாங்க. அது நடுங்குதும்மா. செத்துப்போயிடுமாம்மா? அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கற?"

பின்னால் சின்னவன் அழும் சத்தம் கேட்டது. அவனும் அம்மா என்றுதான் அழுதான்.

போனைப் பிடித்திருந்த கை கீழே இறங்கவில்லை.

அவளுக்கு ஜெயசீலியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. போனுக்குப் பின்னால் இருந்த வளையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டுல சுத்தி வெயில்ல வைக்கச் சொல்லுங்க" என்றாள் ஜெயசீலி.

அவள் சொன்னாள். குழந்தை சரி என்று போனை வைத்தது.

ஜெயசீலி போனைத் துடைத்துத் திண்டின் மேல் வைத்தாள். குட்டியைத் தூக்கித் தாயின் மடியில் விட்டாள். பிறகு ஈரமான வைக்கோலை அள்ளத் தொடங்கினாள். அந்த வேலைக்கு உதவி கேட்கவில்லை.

அவள் அறைக்கு வந்து தயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விடு. இனிமே அவங்களப் பார்க்கவா போறோம்?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் கூசியது.

சாயங்காலம் சமையலறைக்குப் போனாள். ஜெயசீலி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலையில நான்..."

"காரம் சாப்பிடுவீங்களா? குறைச்சுப் போடவா?"

"எதுன்னாலும் சரிக்கா."

அவளும் கீழே உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து உரிக்கத் தொடங்கினாள். ஜெயசீலி தடுக்கவில்லை. ஜன்னலில் பனி ஏறிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேனே, ஒரு பேரு."

ஜெயசீலி நிமிரவில்லை.

"அத மறந்துருங்க."

அவள் தலையசைத்தாள்.

கையிலிருந்த பீன்ஸுக்கு இரண்டு பக்கமும் நார் உரித்தாகிவிட்டது. இருந்தும் கீழே வைக்காமல், விரல் நகத்தால் தேடிக்கொண்டே இருந்தாள்.