ஒன்பதாம் நம்பர் கல்

கண்டிக்கு வரும் துரைமாரே கேள்வி கேட்காமல் இரத்தினக்கல் வாங்கும் கடை அது. மஹ்ரூப் முதலாளிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“வல்லாஹி, அசல் நீலம் மாஸ்டர்!” என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார்.

விஞ்ஞான ஆசிரியர் விசுவலிங்கம் மசியவில்லை. அவர் கொண்டுவந்த பெட்டியில் மோஸ் அளவுகோலின் கற்கள், கடினத்தின் வரிசைப்படி நம்பர் போட்டு இருந்தன.

“நீலம் ஒன்பதாம் நம்பர். ஒன்பதை இன்னொரு ஒன்பது கீறாது. உங்கட கல் என்ர ஒன்பதைக் கீறிப்போட்டுது. அப்ப இது நீலமில்லை.”

“ஒங்கட ஒம்பதுதான் போலி!”

“அதெப்பிடி? போன வருசம் நீங்கள்தானே சத்தியம் பண்ணி வித்தனீங்கள்?”

பெட்டியில் ஒன்பதாம் நம்பராக இருந்த கண்ணாடித் துண்டை மஹ்ரூபுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

“சரி மாஸ்டர், இதுதான் போலி,” என்று முனகியபடி, அசல் நீலத்தைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார்.