மடியில் வைத்த பிள்ளை

டார்ச் வெளிச்சத்தில் குழந்தையின் இரண்டு கண்மணிகளும் பால் போல வெளுத்துத் தெரிந்தன.

எங்கள் வழக்கப்படி நாற்பது நாள் யார் கண்ணிலும் படாமல் தொட்டில் திரைக்குள் கிடந்தவன். நேற்றுதான் திரையை விலக்கினோம். இன்று ஓஷ் நகரத்துக் கண் வார்டில் இருக்கிறோம்.

“கண்புரை,” என்றார் டாக்டர் சால்கின்.

“அது கிழடுகளுக்குல்ல வரும்!” என்றாள் அம்மா.

“பொறக்கும்போதே இருக்கலாம்மா. பரம்பரையா வரும். பால்ல உள்ள சர்க்கரை ஒத்துக்காம வரும். வயித்துல இருக்கப்ப தாய்க்குக் கிருமி தொத்தினாலும் வரும்.”

அம்மா பரம்பரையைப் பிடித்துக்கொண்டாள். “நரின் ஊர்க்காரி ரத்தம் வேணாம்னு அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டேன். பனி உருகட்டும், இவளப் பொறந்த வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடறேன்.”

என் தம்பி மனைவி புருலாய் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

“கர்ப்பத்தோட ஆரம்பத்துல காய்ச்சல், தடிப்பு எதாவது?” டாக்டர் புருலாயைக் கேட்டார்.

“நூருஸ் புதுவருஷம் கழிஞ்சு ரெண்டு வாரத்துல. லேசா, ரெண்டு நாள்.”

“யார்கிட்டருந்து தொத்துச்சு? ருபெல்லா அம்மைன்னா இவன் இதயத்தையும் காதையும் இன்னிக்கே பார்க்கணும்.”

“தடிப்போட யாரையும் பார்க்கலையே, டாக்டர்.”

நூருஸ் விருந்து. பிள்ளையில்லாத மருமகள் மடியில் ஆண்பிள்ளையை உட்காரவைத்தால் வயிறு திறக்கும் என்பார்கள். என் இரண்டு வயது எர்லானை நான்தான் வைத்தேன். புருலாய் அவன் கழுத்தில் முகம் புதைத்து வெகுநேரம் விடவில்லை.

அடுத்த மாதம் சேதி தெரிந்ததும் எனக்கு ஒரு சால்வை போர்த்தினாள். “உங்க பையன் ராசி, அண்ணி.”

டாக்டர் நாட்காட்டியில் விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணினார். “நூருஸ் அன்னிக்கே ஆறு வாரக் கர்ப்பம்.”

புருலாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எர்லானுக்கு ருபெல்லா தடுப்பூசி போட வேண்டிய கோடையில் நாங்கள் மேய்ச்சல் மலையில் இருந்தோம். இறங்கியபின் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

தோளில் இருந்த அந்தச் சால்வையைக் கழற்றி மடித்தேன்.

“டாக்டர், என் பையனுக்கு அன்னிக்குத் தடிப்பு இருந்துச்சு. கன்னமெல்லாம் பொட்டுப் பொட்டா.”

“என்னடி உளர்றே? நானே தூக்கி முத்தம் கொடுத்தேன். மூஞ்சி வெள்ளவெளேர்னு இருந்துச்சே!”

“அது பவுடர்மா. கறையுள்ள பிள்ளைய மடியில வைக்க விடமாட்டீங்கன்னு நான்தான் அப்பினேன்.”