மன்னித்துவிட்டு வந்தாள்

நற்கருணை வாங்க மண்டியிட்டிருந்த குப்பம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது சரிதாவின் இடம்; அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. இது மூன்றாவது முறை.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளை நிறுத்தினார்.

“குப்பம்மா மேல இன்னாம்மா கோவம்?”

“துரோகம் பண்ணிட்டாங்க ஐயா. வெளிய சொல்ல முடியாது.”

“சொல்ல வேணாம். இந்த மாசம் பூரா அவங்களுக்குத் தினம் ஒரு நல்லது செய்யும்மா. மனசு வரலேன்னாலும் செய். அப்புறமா போய்ப் பேசு.”

சரிதாவின் மகள் அபிநயாவுக்கு, வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது வலிப்பு வந்தது. நாலு வருஷமாக மாத்திரையில் அடங்கியிருக்கிறது. தகப்பன் இல்லாத பெண் என்பதால் சரிதா ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒடுகத்தூரில் மாப்பிள்ளை அமைந்தபோது மட்டும், நல்லபடியாக முடிய ஜெபிக்கச் சொல்லி, கூடப் பிறந்தவளாக நினைத்த குப்பம்மாவிடம் அழுது சொன்னாள். தாயையும் மகளையும் விட்டால் அந்த மலைக்கிராமத்தில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள்.

“பொண்ணுக்கு வலிப்பாமே? ஏங்க மறைச்சீங்க?”

“யாருங்க சொன்னது?”

“அதைக் கேக்காதீங்க. மனசாட்சி இருக்கிறவங்க சொன்னாங்க.”

சம்பந்தம் அதோடு முறிந்தது. சரிதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“ஜெபத்துக்குன்னு சொன்னதைக் கொண்டுபோய்ப் போட்டுக் குடுத்துட்டாளே பாவி!”

“போனா போவுதும்மா” என்றாள் அபிநயா. “மாத்திரையை ஒளிச்சி ஒளிச்சி எத்தினி நாளைக்கு முழுங்குறது?”

சரிதாவின் காதில் எதுவும் ஏறவில்லை. குப்பம்மா என்ற பேரே நெருப்பாகச் சுட்டது.

போதகர் சொன்னபடி செய்யத் தொடங்கிய முதல் நாள், ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்லப் பார்த்தாள். பல் கிட்டித்துக்கொண்டது. மறுநாள் தெருக்குழாயில் தன் குடத்தை நகர்த்தி, குப்பம்மாவின் குடத்துக்கு இடம் விட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

காட்டு வேலையில் கூடக் களையெடுத்த புவனா, “அந்தக் குப்பம்மா இருக்காளே…” என்று ஆரம்பித்தாள். சரிதாவின் நாக்கு துடித்தது. “வுடு, களையைப் பாரு” என்று பேச்சை வெட்டினாள். குப்பம்மா காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி காய்ச்சிக்கொண்டுபோய், ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

மாசம் முடியும்போது வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் ஜெபத்தில் குப்பம்மாவின் பேரைச் சொல்ல முடிந்தது.

அன்று காலை குப்பம்மா வீட்டுக்குப் போனாள். அவள் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ செஞ்சது துரோகம்க்கா. என் பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்ட. ஆனா நான் மன்னிச்சிட்டேன். மனசாரச் சொல்றேன்.”

குப்பம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சரிதாவின் கையைப் பிடித்தாள்.

“சரி கண்ணு” என்றாள். “புள்ள சாப்ட்டுதா?”

இருவரும் அழுதார்கள்.

சரிதா வீட்டுக்கு வந்தபோது அபிநயா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, அழுதியா?”

“குப்பம்மாவை மன்னிச்சிட்டு வர்றேன்டி. இப்பதான் நெஞ்சு லேசா இருக்குது. அவளும் ஒத்துக்கினா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.”

முறம் நின்றது. அபிநயா அதைக் கீழே வைத்தாள்.

“நானா சொல்ற வரைக்கும் உன்கிட்ட சொல்ல வேணாம்னு குப்பம்மா பெரிம்மாகிட்ட கெஞ்சிக் கேட்டுக்கினேன்” என்றாள். “ஒடுகத்தூருக்குப் போன் போட்டது நான்மா.”