கடைசிக் கதிரை

இத்தாலிய ஊரான ஒரேத்தோவில் மூடிக்கிடக்கும் அணு உலையின் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தமாக்க வேண்டும் என்று சனத்திடம் கேட்கக் கூட்டிய கூட்டத்தில், அதிகாரிகளே கதைத்து முடித்துவிட்டார்கள். மண்டபம் கூட்டுகிற புஸ்பவதி கதிரைகளை மடித்துச் சுவரோடு சாத்துகிறாள். மாலை வெயிலில் தூசி மினுங்குகிறது. கடைசிக் கதிரையை மடிக்காமல், தும்புத்தடியும் கையுமாக அதில் இருக்கிறாள். "சிஞ்ஞோரா, கூட்டம் முடிந்துவிட்டது," என்கிறார் கோட்டை மாட்டும் அதிகாரி. "எனக்கு முடியேல்லை. உலை மதிலுக்குப் பக்கத்திலைதான் என்ர வீடு." "சுத்தமாக்கித்தானே தரப்போகிறோம்?" "நான் கூட்டின வீட்டை நானே சுத்தமெண்டு சொன்னால் வீட்டுக்காரி விடுவாவோ? அவ விரலாலை தடவிப் பார்த்துத்தான் சொல்லுவா. இந்த மண்ணுக்கு நாங்கள்தான் வீட்டுக்காரர்." ஒரு கை மட்டும் கோட்டுக்குள் நுழைந்தபடி அவர் நிற்கிறார். சாத்திய கதிரையொன்றை எடுத்து அவர் முன்னால் விரிக்கிறாள் புஸ்பவதி. "இருங்கோ."