நிபந்தனை இல்லாத சீட்டு

டெக்ஸ்டருக்கு வயசு பதினெட்டு. அமெரிக்காவுல டுலூத்ங்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த மெயிலைப் பார்த்துப் பொருமிக்கிட்டிருந்தான். யுனிவர்சிட்டியில சீட்டு உண்டாம், ஆனா மே மாசப் பரீட்சையில நல்ல மார்க் வாங்கணும்னு நிபந்தனை. மார்லாவுக்கும் சீட்டு வந்திருந்தது. அவளுக்கு நிபந்தனையே இல்லை.

“அந்த யுனிவர்சிட்டியைக் கண்டுபிடிச்சதே நான். நீ என்னைப் பார்த்துத்தானே அப்ளை பண்ணினே?”

“உன்னைவிட என்னை அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் என்ன பண்றது?” மார்லா வேணும்னே சிரிச்சா.

“கணக்குல நீ என் மார்க்ல பாதி வாங்குவியா?”

“மாட்டேன். ஆனா உன் மார்க் இனிமேதான் வரணும், என்னோடது எப்பவோ வந்தாச்சு. படிச்சு முடிச்சவங்களுக்கு எதுக்குடா நிபந்தனை?”

“அது அரதப் பழசு மார்க்.”

“பழசுதான். உன்னை வயித்துல சுமந்துக்கிட்டு எழுதின பரீட்சையாச்சே. அப்ப காலேஜ் போக முடியலை, இப்பப் போறேன்.”

டெக்ஸ்டருக்கு வயித்தெரிச்சல் அடங்கலை. ஆனாலும் மெயிலை மூடி வெச்சான்.

“நானும் பாஸ் பண்ணிட்டு வரேன்,”னான். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் ‘கோட்டுப் பட்டனைப் போடு’ன்னு மட்டும் சொல்லிடாதேம்மா.”