பாதியில் நின்ற உலை

அக்கா "அடுத்தது" என்று சொல்லவில்லை.

அதுவே அதிசயம். மின்னணு நுண்ணோக்கியை ஓட்டுகிறவர் அவர். யார் எதைத் தயாரித்துக் கொண்டுபோனாலும் ஒரு பார்வை பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "அடுத்தது" என்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயரே அடுத்தது அக்கா. இன்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி.

அவள் கொண்டுவந்திருந்தது, உலையைப் பாதியில் அணைத்த அன்று எடுத்த ஒரு அரைவேக்காட்டுத் தூள். தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தது. நல்லதையெல்லாம் ஏற்கெனவே காட்டியாயிற்று. டங்ஸ்டன் ஆக்சைடில் தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுக்குக் கம்பிகள் வளர்த்து, உலையில் வைத்து, அழுகிய முட்டை நாறும் வாயுவைச் செலுத்துவாள். வெளியே வரும்போது எல்லாம் உள்ளீடற்ற குழாய்கள். அழகழகான குழாய்கள்.

தேர்வாளர்கள் ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்கள். கம்பிதான் குழாயானது என்பதற்கு என்ன அத்தாட்சி? கம்பி அழிந்துபோய், குழாய் தனியாக முளைத்திருக்கலாமே?

பதில் இல்லையென்றால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. மறுபடி செய்து பார்க்கலாமென்றால் உலை பழுதாகிக் கிடக்கிறது. அன்று அவசர அவசரமாக அணைத்ததில் உலையின் பெரிய கண்ணாடிக் குழாயில் விரிசல்.

எல்லாம் அந்த அவசரக்குடுக்கையால் வந்த வினை.

வாயு வால்வுகளைக் கவனித்துக்கொள்ளும் கேஸ் அண்ணன்தான் அன்றும் உலையருகே இருந்தார். அந்த மாதங்களில் அவளை அந்த அறைக்குள் யாரும் விடுவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, முழுசாக வெந்து முடியட்டும், அப்புறம் போகலாம் என்று கெஞ்சினாள். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அண்ணன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வால்வை மூடிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

அக்கா நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.

திரையில் ஒரே ஒரு இழை. இடது பக்கம் இரண்டு ஓரமும் கோடு கோடாகச் சுவர், நடுவில் வெளிச்சம். சுத்தமான குழாய். கண்ணை வலப்பக்கம் ஓட்டினால், அதே சுவர்களுக்கு நடுவே கறுப்பாக, இன்னும் மாறாத பழைய கம்பி.

வெளித்தோல் முதலில் மாறி, மாற்றம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தது. தேர்வாளர்களுக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். முழுசாக வெந்திருந்தால் இது கிடைத்தே இருக்காது.

அவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு அழகான ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததுண்டு, ஒரே ஒரு முறை.

"இத்தன வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்லம்மா," என்றார் அக்கா. "சரியான நேரத்துல நிறுத்த வச்சது யாரு? அவங்களுக்குப் பெரிய கும்பிடா போடணும்."

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் கேஸ் அண்ணன் சத்தமில்லாமல் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவர் தோளில், வாயோரம் பால் வழிய, அவளுக்கு எட்டாம் மாதமே பிறந்துவிட்ட அவசரக்குடுக்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.