நாளைய மறியல்

உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவி பேச்சித்தாய் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அரசாங்க ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் தோழர் கனியப்பன். ஒரு காலத்தில் அவளோடு சிறைக்குப் போனவர். சங்கம் ஓடியாடி ஜெயிக்கவைத்த சிவப்பு ஆட்சியில் இப்போது பெரிய அதிகாரி.

"அக்கா, நாளைக்கு மறியல் வேண்டாம். நம்ம ஆட்சிக்குத்தான் கெட்ட பேரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். உப்பளத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுப்பதை எதிர்த்து மறியல் செய்வதென்று நேற்றுச் சாயங்காலம்தான் முடிவெடுத்திருந்தாள். கணவன் சுடலைமாடனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை; சங்கத்து ஆட்களிடம் இன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தாள்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா தோழர்?"

"யாரும் சொல்லலக்கா. நீங்க நடக்கிறது, தூங்குறது, யாரைப் பாக்குறதுன்னு எல்லாத்தையும் ஒங்க போன்ல இருந்து எடுத்து, அடுத்து என்ன செய்வீங்கன்னு மெஷினே சொல்லிரும். மீறிப் போனா என்னால காப்பாத்த முடியாது."

ஜீப் போன பிறகு சுடலைமாடன் காப்பியோடு வந்தான். "என்னவாம்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சொன்னது மெஷினா, இவனா? காப்பியை வாங்கிக்கொண்டாள்.

"மறியல் கெடையாது. விட்டாச்சு" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.